மரவாத்து வேட்டை: ஒரு சின்ன வரலாறு

இந்த முறை கொஞ்சம் வித்தியாசமான தலைப்பு. நிச்சயமாகப் பரீட்சைக்கு வராது, அதனால் நிம்மதியாகப் படிக்கலாம்.

என் பெரியப்பா மகன் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் வேலை பார்க்கிறார். அவருடைய அலுவலகத்தில் வயதான ஒருவர் இருக்கிறார். குளிர்காலம் வந்தால் வாத்து வேட்டைக்குக் கிளம்பிவிடுவாராம். "சுட வேண்டாம், சும்மா கூட வந்து பார்" என்று அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார். அண்ணன் கோழி வெட்டும் கடையில்கூடத் திரும்பி நின்றுகொள்கிற ஆள். எப்படியோ தலையாட்டிவிட்டார். அன்று இரவு போன் செய்தார்.

"டேய், அவர் சொன்ன கண்டிஷன் எல்லாம் கேட்டா உங்க ஹால் டிக்கெட்டுக்குப் பின்னாடி இருக்கிற ரூல்ஸே தேவலாம்டா!"

அந்தப் பெரியவர் சொன்னது இதுதான். முதல் நாள் சாயங்காலமே போய் வாத்துகள் எங்கே இறங்குகின்றன என்று பார்க்க வேண்டும், ஆனால் துப்பாக்கி எடுத்துப் போகக் கூடாது. மறுநாள் இருட்டில் எழுந்து, விடிவதற்கு முன்பே புதர் மறைவில் உட்கார்ந்துவிட வேண்டும். சூரியன் உதிக்க அரை மணி நேரம் இருக்கும்போதுதான் முதல் குண்டு, ஒரு நிமிடம் முன்னால்கூடக் கூடாது. மரத்தால் செய்த போலி வாத்துகள் அரை டஜன் மிதக்கவிட்டால் போதும். துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் போகாது. அதிலும் ஈய ரவை இருக்கக் கூடாது. தண்ணீரில் சோளம் தூவக் கூடாது. மூன்று வாத்து விழுந்தால் அன்றைய வேட்டை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

கேட்டபோது எனக்கு இவை வெறும் வேட்டைக் குறிப்புகளாகத்தான் பட்டன. பிறகு ஆர்வத்தில் தேடிப் படித்தேன். அப்போதுதான் இந்த ஒவ்வொரு வரிக்கும் ஒரு வருடம் இருக்கிறது, ஒரு சண்டை இருக்கிறது என்று தெரிந்தது. ஒரு பறவை கிட்டத்தட்ட அழிந்தே போய்விட்டது என்று எல்லோரும் முடிவு செய்த பிறகு திரும்பி வந்த கதை அது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடுவோம். மரவாத்து வட அமெரிக்கப் பறவை. எடை முக்கால் கிலோகூட வராது. ஆணைப் பார்த்தால் யாரோ உட்கார்ந்து வண்ணம் தீட்டியது போல இருக்கும். பச்சையும் ஊதாவும் மின்னும் கொண்டை, முகத்தில் வெள்ளைக் கோடுகள், சிவப்புக் கண், செம்பழுப்பு மார்பு. இதன் அறிவியல் பெயர் ஐக்ஸ் ஸ்பான்சா. 1758-ல் லின்னேயஸ் வைத்தது. ஸ்பான்சா என்றால் லத்தீனில் மணமகள். (அலங்காரம் முழுக்க மாப்பிள்ளைக்கு, பெயர் மட்டும் பெண்ணுக்கு!) இதே பேரினத்தில் இன்னும் ஒரே ஒரு உறவுதான் உண்டு, கிழக்கு ஆசியாவில் இருக்கும் மாண்டரின் வாத்து.

பெயரில் மரம் ஏன் வந்தது? இது கூடு வைப்பது மரப்பொந்தில். காலில் கூரிய நகங்கள் உண்டு, கிளையில் உட்காரும். வாத்து மரத்தில் குடியிருக்குமா என்று கேட்காதீர்கள். நம் ஊர் ஏரிகளில் இருக்கும் சீழ்க்கைச் சிறகிகூட மரப்பொந்தில் முட்டை வைக்கும். மரவாத்தால் பொந்தைக் குடைய முடியாது. மரங்கொத்தி குடைந்து விட்டுப்போனதையோ, கிளை முறிந்து உளுத்துப்போன ஓட்டையையோதான் தேடிப் பிடிக்கும். ஒரு வாத்து நுழைகிற அளவு பொந்து வேண்டுமென்றால் மரம் நல்ல வயதானதாக இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குஞ்சு பொரித்த மறுநாளே தாய் கீழே நின்று கூப்பிடும். குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பொந்தின் வாசலுக்கு ஏறி வந்து, பறக்கத் தெரியாமலே குதிக்கும். ஐம்பது அடி உயரத்திலிருந்து குதித்துவிட்டு, ஒன்றும் ஆகாதது போல எழுந்து தாயின் பின்னால் தண்ணீருக்குப் போகும். பஞ்சு போன்ற உடம்பு, எடையே கிடையாது, அதனால்தான் தப்பிக்கிறது.

சரி, வேட்டைக்கு வருவோம்.

அமெரிக்காவின் பெரும்பாலான வாத்துகள் முட்டையிடுவது வடக்கே கனடாப் பக்கத்துப் புல்வெளிகளில். குளிருக்குத்தான் தெற்கே வரும். மரவாத்து அப்படியில்லை. மக்கள் நெருக்கமாகக் குடியேறிய கிழக்கு அமெரிக்காவிலேயே, ஓடைக்கரைகளிலும் சதுப்புக் காடுகளிலும்தான் அது கூடு வைக்கிறது. அதாவது வேட்டைக்காரனின் வீட்டுக்குப் பின்னாலேயே வருடம் முழுக்க இருக்கிற வாத்து. போதாக்குறைக்குப் பழக்கம் மாறாத பறவை. பெட்டை, போன வருடம் முட்டையிட்ட இடத்துக்கே பெரும்பாலும் திரும்பி வரும். குளிர்காலத்தில் சாயங்காலமானால் கூட்டம் கூட்டமாக ஒரே சதுப்புக்குத் தூங்க வரும். ஓக் மரக் கொட்டைகள் தண்ணீரில் விழுந்து கிடக்கும் இடம் தெரிந்தால் காலையில் அங்கே இறங்கும்.

இதெல்லாம் தெரிந்த ஒருவனுக்குப் பெரிய திறமை எதுவும் தேவையில்லை. 19-ஆம் நூற்றாண்டின் வேட்டைக்காரர்களுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். பல மாநிலங்களில் வசந்த காலத்திலும் சுடலாம். வசந்தம் என்றால் இணை சேர்ந்து முட்டையிடப் போகும் நேரம். அப்போது ஒரு பெட்டையைச் சுட்டால் அந்தப் பொந்துக்கு அடுத்த வருடம் யாரும் வரப்போவதில்லை. சாயங்காலம் தூங்க வரும் வழியில் நின்றுகொண்டு இருட்டும்வரை சுடுவதும் சாதாரணம். ஒரே மாலையில் ஒரு வட்டாரத்து வாத்துகள் அத்தனையும் ஒரே பாதையில் வரும்போது என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் இது பொழுதுபோக்கு மட்டும் அல்ல, வியாபாரம். ரயில் வந்ததும் சதுப்பில் விழுந்த வாத்து ஓரிரு நாளில் நகரத்து ஓட்டலுக்குப் போய்விடும். செசபீக் விரிகுடா போன்ற இடங்களில் படகின் முன்பக்கத்தில் பீரங்கி மாதிரி ஒரு துப்பாக்கியைப் பொருத்தி, தண்ணீரில் தூங்கும் கூட்டத்தின் மேல் ஒரே வெடியில் டஜன் கணக்கில் கொல்வார்கள். உண்மையைச் சொன்னால் இந்தப் படகுத் துப்பாக்கிக்கு மரவாத்து அதிகம் சிக்கவில்லை. அது திறந்த தண்ணீரில் இருப்பதில்லை, மரங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும். பல இடங்களில் படகுத் துப்பாக்கியையே முதல் குற்றவாளியாக எழுதுகிறார்கள். மரவாத்து விஷயத்தில் அது சரியில்லை என்பது என் கருத்து. இதற்குச் சாதாரணத் துப்பாக்கியும் வசந்த காலமும் போதுமாக இருந்தன.

இறைச்சி தவிர இறகுக்கும் விலை. 1886-ல் ஃப்ராங்க் சாப்மன் என்ற பறவை ஆர்வலர் நியூயார்க் தெருக்களில் நடந்தபடியே பெண்களின் தொப்பிகளைக் கணக்கெடுத்தார். 700 தொப்பிகளில் 542-ல் இறகு! மரவாத்தின் விலாப்பக்கத்து இறகுக்கு இன்னொரு கிராக்கி. மஞ்சள் கலந்த பழுப்பில் மெல்லிய கறுப்பு வரிகளோடு இருக்கும் அந்த இறகைத் தூண்டில் முள்ளில் கட்டினால், தண்ணீரில் அமரும் பூச்சி போலவே இருக்கும். டிரௌட் மீன் பிடிப்பவர்கள் அதற்காக அலைவார்கள்.

துப்பாக்கி ஒரு பக்கம், கோடாரி இன்னொரு பக்கம். பழைய மரங்கள் போய்க்கொண்டிருந்தன, சதுப்புகளை வடித்து வயலாக்கினார்கள். நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, பொந்துக்கு வயதான மரம் வேண்டும் என்று? இளமரக் காடு கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும், ஆனால் மரவாத்துக்கு அதில் வாடகைக்கு வீடு கிடைக்காது.

1900 வாக்கில் பறவையியலாளர்கள் வெளிப்படையாகவே எழுத ஆரம்பித்தார்கள்: இது சீக்கிரம் முடிந்துவிடும் என்று. அந்தப் பயத்தை மிகை என்று தள்ள முடியாது. லாப்ரடார் வாத்து 1870-களிலேயே காணாமல் போயிருந்தது. ஒரு காலத்தில் வானத்தை மறைத்துப் பறந்த பயணப் புறாவின் கடைசி உயிர், மார்த்தா என்ற பெட்டை, 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் இறந்தது. அதே மிருகக்காட்சிசாலையில் 1918 பிப்ரவரியில் கரோலினா கிளியின் கடைசி உயிரும் போனது. வரிசையில் அடுத்தது மரவாத்து என்பதே பலருடைய கணக்கு.

இனி வருவது சட்டத்தின் கதை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், சட்டம் படிக்கும் நண்பர்கள் கவனிக்கவும்.

அமெரிக்காவில் காட்டுப் பறவைகள் அந்தந்த மாநிலத்தின் சொத்து என்றே நீதிமன்றங்கள் சொல்லிவந்தன. வலசை போகும் பறவைக்கு இது எப்படிப் பொருந்தும்? ஒரு மாநிலம் வசந்த கால வேட்டையைத் தடை செய்தால், பக்கத்து மாநிலத்துக்காரன் அதே வாத்தைச் சுடுவான். பிறகு நாம் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்று முதல் மாநிலமும் தடையை எடுத்துவிடும். (காவிரியை நினைத்துக்கொள்ளுங்கள், ஓரளவு புரியும்.) 1900-ல் வந்த லேசி சட்டம், ஒரு மாநிலத்தில் சட்டவிரோதமாகக் கொன்றதை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோவதைக் குற்றமாக்கியது. வியாபாரிகளுக்கு அது முதல் அடி. ஆனால் கொல்வதை அது நேரடியாகத் தடுக்கவில்லை.

1913-ல் வீக்ஸ்-மெக்லீன் சட்டம் வந்தது. வந்த விதமே வேடிக்கை. விவசாய நிதி மசோதாவின் வாலில் அதை ஒட்டிவைத்து நிறைவேற்றினார்கள். ஜனாதிபதி டாஃப்ட் தன் பதவியின் கடைசி நாளான மார்ச் 4 அன்று கையெழுத்திட்டார். வலசைப் பறவைகள் மத்திய அரசின் பாதுகாப்பில் இருக்கும் என்றது அந்தச் சட்டம். ஆனால் ஓரிரு வருடத்திலேயே கீழ்நிலை மத்திய நீதிமன்றங்கள், மாநிலச் சொத்தில் கைவைக்க உனக்கு அதிகாரமில்லை என்று சொல்லிவிட்டன.

அப்போது யாருக்கோ ஒரு யோசனை வந்தது. உள்நாட்டுச் சட்டம் போட அதிகாரமில்லையா? வெளிநாட்டோடு ஒப்பந்தம் போட மத்திய அரசுக்கு மட்டும்தானே அதிகாரம்! வாத்து கனடாவுக்கும் போகிறதே! கனடாவின் வெளியுறவு அப்போது பிரிட்டன் கையில். 1916 ஆகஸ்ட் 16 அன்று அமெரிக்காவும் பிரிட்டனும் வலசைப் பறவை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்த மாதம் பிரான்சில் சோம் நதிக்கரையில் பிரிட்டிஷ் படையினர் ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கலவரத்துக்கு நடுவே ஒரு அரசாங்கம் வாத்துக்காக உட்கார்ந்து பேனா எடுத்தது என்பதை என்னால் சுலபமாகக் கடந்து போக முடியவில்லை. பாராட்டுவதா, எரிச்சல்படுவதா என்றும் தெரியவில்லை.

அந்த ஒப்பந்தத்தின்படி மார்ச் 10 முதல் செப்டம்பர் 1 வரை வேட்டைப் பறவைகளைச் சுடக் கூடாது. வசந்த கால வேட்டைக்கு அதோடு முழுக்குப் போட்டாயிற்று. நான்காவது பிரிவில் இரண்டு வாத்துகளைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருந்தார்கள்: ஒன்று ஈடர் வாத்து, இன்னொன்று நம் மரவாத்து. இவற்றுக்குத் தனிப் பாதுகாப்பு தர வேண்டும், அதற்குக் குறைந்தது ஐந்து வருடம் வேட்டையை மூடுவது ஒரு வழி என்றது. 1918 ஜூலை 3 அன்று அமெரிக்காவில் இதை நடைமுறைப்படுத்தும் சட்டம் வந்தது. மரவாத்து வேட்டை நாடு முழுவதும் நின்றது.

மிசௌரி மாநிலம் விடவில்லை. ஹாலந்து என்ற மத்திய வேட்டைக் கண்காணிப்பாளர் மேல் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1920 ஏப்ரல் 19 அன்று தீர்ப்பு, ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில். எழுதியவர் நீதிபதி ஹோம்ஸ். அவர் வாதத்தின் சாரம் இதுதான்: நேற்று இந்த மாநிலத்துக்கு வந்து சேராத, நாளை வேறு மாநிலத்திலும் ஒரு வாரத்தில் ஆயிரம் மைல் தள்ளியும் இருக்கக்கூடிய ஒன்றை யாருடைய சொத்து என்று சொல்வீர்கள்? மிசௌரி தோற்றது. அரசியல் சாசனம் படிப்பவர்கள் இந்த வழக்கை ஒப்பந்த அதிகாரத்துக்காகப் படிக்கிறார்கள். அதற்குள் ஒரு வாத்து ஒளிந்திருப்பது பலருக்குத் தெரியாது.

ஐந்து வருடம் என்று ஆரம்பித்த மூடல் 1923-ல் முடிந்திருக்கலாம். முடியவில்லை. திறக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. 1930 தாண்டியும் மூடியே இருந்தது. கடைசியில் 1941-ல்தான், அதுவும் சில மாநிலங்களில் மட்டும், ஒருவர் ஒரே ஒரு மரவாத்து வைத்திருக்கலாம் என்று அனுமதித்தார்கள். ஆக 23 வருடம். 1918-ல் பையனாக அப்பாவோடு வேட்டைக்குப் போனவன், தனக்கே பையன் பிறந்து வளர்ந்த பிறகுதான் மறுபடி சட்டப்படி ஒரு மரவாத்தைச் சுட்டிருப்பான். தூண்டில்காரர்கள் அந்த இடைவெளியில் வேறு வாத்தின் இறகுக்கு மஞ்சள் சாயம் ஏற்றிச் சமாளித்தார்கள்.

இந்த 23 வருடத்துக்குள் வேட்டையின் முறையே மாறியது. 1930-களில் கடும் வறட்சி, எல்லா வாத்துகளுக்கும் கெட்ட காலம். ரூஸ்வெல்ட் அரசு டார்லிங் என்ற பத்திரிகைக் கார்ட்டூனிஸ்டைக் கூப்பிட்டு உயிரியல் துறையின் தலைமைப் பதவியைக் கொடுத்தது. (நம்ம ஊரில் மதனைக் கூப்பிட்டு வனத்துறையைக் கொடுத்தது போல!) 1934-ல் வாத்து முத்திரைச் சட்டம் வந்தது. வேட்டைக்குப் போகிறவன் தபால் நிலையத்தில் ஒரு டாலருக்கு ஒரு முத்திரை வாங்க வேண்டும், அந்தப் பணத்தில் சதுப்பு நிலம் வாங்கிக் காப்பார்கள். முதல் முத்திரைக்குப் படம் வரைந்தவரும் டார்லிங்தான். அந்த ஆண்டு 6,35,001 முத்திரைகள் விற்றன. 2015 முதல் அதன் விலை 25 டாலர். 1943-ஆம் ஆண்டு முத்திரையில் மரவாத்தே படமாக வந்தது.

அடுத்த வருடம், 1935. அண்ணனிடம் பெரியவர் சொன்ன பாதி விதிகளின் பிறந்த வருடம் இதுதான். துப்பாக்கியில் மூன்று தோட்டா மட்டும். தானியம் தூவி வரவழைத்துச் சுடுவது தடை. உயிருள்ள வாத்துகளைக் கட்டிவைத்து மற்ற வாத்துகளைக் கூப்பிடுவதும் தடை. தமிழில் இதற்கு ஒரு பழைய சொல் இருக்கிறது: பார்வை. பார்வை மான், பார்வைப் பறவை என்பார்கள். வளர்த்த விலங்கைக் காட்டிக் காட்டு விலங்கைப் பிடிப்பது. அந்தப் பார்வை வாத்துகள் 1935-ல் சட்டவிரோதமாகின. அதனால்தான் இன்று மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்த போலி வாத்துகள் மிதக்கின்றன. அவற்றுக்கும் மரவாத்து அவ்வளவாக மயங்குவதில்லை. அது ஏற்கெனவே முடிவு செய்த இடத்துக்குத்தான் வேகமாக வந்து இறங்கும். அரை டஜன் போதும் என்று பெரியவர் சொன்னதற்கும், முந்தின நாளே போய்ப் பார்க்கச் சொன்னதற்கும் காரணம் அதுதான்.

நேர விதியும் ஒன்று உண்டு. உதயத்துக்கு அரை மணி முன்னால் ஆரம்பம், அஸ்தமனத்தோடு முடிவு. மற்ற வாத்துகளுக்கு இது சாதாரண விதி. மரவாத்துக்கோ உயிர்காப்பு. அது தூங்கும் சதுப்புக்குத் திரும்புவதே பெரும்பாலும் அஸ்தமனத்துக்குப் பிறகுதான். தாத்தா காலத்தில் மிகச் சுலபமான வேட்டையாக இருந்த அந்தச் சாயங்கால வரிசை, கடிகாரத்தால் பூட்டப்பட்டுவிட்டது. முதல் நாள் மாலை போகலாம், எண்ணலாம், துப்பாக்கி மட்டும் வீட்டில் இருக்கும்.

அடுத்து பெட்டிக் கதை. பொந்துள்ள மரம் இல்லையென்றால் பொந்தை நாமே செய்து வைக்கலாமே என்று 1930-களின் பிற்பகுதியில் இல்லினாய் மாநிலத்தில் மரப்பெட்டிகளை நூற்றுக்கணக்கில் மாட்டினார்கள். இதில் முக்கியமானவர்கள் ஃப்ராங்க் பெல்ரோஸும் ஆர்தர் ஹாக்கின்ஸும். வாத்து வந்தது, முட்டையும் இட்டது. கூடவே ரக்கூனும் வந்தது! நம் மரநாய் மாதிரி மரமேறி, கையை உள்ளே விட்டு முட்டையை எடுத்துத் தின்னும் பிராணி. வட்ட வாசலில் பெரிய ரக்கூனும் புகுந்துவிடுகிறது. பெல்ரோஸ் அளந்து பார்த்து வாசலை நீள்வட்டமாக்கினார். அகலம் நான்கு அங்குலம், உயரம் மூன்று. வாத்து நுழையும், கொழுத்த ரக்கூனின் உடம்பு நுழையாது. பின்னால் பெட்டியைக் கம்பத்தில் மாட்டி, கீழே தகரத்தில் கூம்பு கட்டினார்கள். மரவாத்து கூட்டுக்கு எதையும் கொண்டுவராது, தன் மார்புத் தூவியைத்தான் பறித்துப் பரப்பும். அதனால் பெட்டிக்குள் மரச்சீவல் போட வேண்டும். குஞ்சு ஏறி வர உள்பக்கம் சொரசொரப்பாக இருக்க வேண்டும்.

ஆர்வம் அதிகமாகி, பெட்டிகளைத் தண்ணீரின் நடுவே பக்கத்துப் பக்கத்தில் மாட்டியபோது புதுப் பிரச்சினை. மரவாத்துப் பெட்டைக்கு இன்னொருத்தியின் கூட்டில் முட்டை போட்டுவிட்டு நழுவும் பழக்கம் உண்டு. ஒரு பெட்டிக்குள் ஒருத்தி போவதை மற்றவள் பார்த்தால் அவளும் போவாள். ஒரே பெட்டியில் முப்பது முட்டைக்கு மேல் குவியும். அத்தனையையும் ஒரு தாயால் அடைகாக்க முடியாது, நிறைய வீணாகும். காட்டில் பொந்துகள் சிதறி, மறைந்து இருந்ததால் இது இவ்வளவு நடக்கவில்லை. இப்போது பெட்டிகளைத் தள்ளித் தள்ளி, மறைவாக மாட்டச் சொல்கிறார்கள்.

இந்தப் பெட்டிகளே மரவாத்தைக் காப்பாற்றின என்று படித்தால் முழுதாக நம்பிவிட வேண்டாம். இன்றும் பெரும்பாலான மரவாத்துகள் பிறப்பது இயற்கைப் பொந்துகளில்தான். 23 வருட மூடல், வசந்த வேட்டைத் தடை, கைவிடப்பட்ட வயல்களில் திரும்ப வளர்ந்து முதிர்ந்த மரங்கள், தோலுக்காகக் கொல்லப்பட்டுக் குறைந்திருந்த பீவர்கள் மறுபடி பெருகி ஓடைகளை மறித்து உண்டாக்கிய குட்டைகள், இவையெல்லாம் சேர்ந்துதான் மீட்டன. மரவாத்தின் உடம்பும் உதவியது. வட அமெரிக்க வாத்துகளில் ஒரே வருடத்தில் இரண்டு முறை குஞ்சு பொரிப்பதை வழக்கமாக வைத்திருப்பது இது ஒன்றுதான், அதுவும் தெற்கில். கொல்வதை நிறுத்தினால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும் என்கிற அளவுக்கு. மறுபக்கம், மிசிசிப்பியின் கீழ்ப்பகுதியில் சுமார் ஒரு கோடி ஹெக்டேர் இருந்த வெள்ளக் காடுகளில் இன்று கால்பங்கு அளவுதான் மிச்சம். நிறைய காடு 1960, 70-களில் சோயா வயலாக மாறிவிட்டது.

ஈயத்தின் கதையிலும் அதே பெல்ரோஸ் வருகிறார். சதுப்பின் அடியில் விழுந்துகிடக்கும் ஈய ரவையை வாத்து சின்னக் கல் என்று விழுங்கிவிடும். உணவை அரைக்கும் தசைப்பையில் அதுவும் அரைபட்டு ரத்தத்தில் கலக்கும். ஆண்டுதோறும் வாத்துகளில் இரண்டு மூன்று சதவீதம் இப்படிச் சாகின்றன என்று 1959-ல் அவர் கணக்குச் சொன்னார். அமெரிக்கா முழுக்க நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தைத் தடை செய்தது 1991-ல். முப்பத்திரண்டு வருடம்! எஃகு ரவை துப்பாக்கியைக் கெடுக்கும், வாத்து அடிபட்டுத் தப்பித்து வீணாய்ச் சாகும் என்றெல்லாம் அவ்வளவு காலம் வாதாடினார்கள். வேட்டைக்காரர்கள்தான் பறவையைக் காப்பாற்றினார்கள் என்று பெருமை பேசுகிறவர்கள் இந்த முப்பத்திரண்டு வருடத்தைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக அந்த மூன்று. மற்ற வாத்துகளை வசந்தத்தில் விமானத்தில் பறந்து எண்ணுகிறார்கள், 1955 முதல். மரவாத்து இலைக்கூரையின் கீழே இருப்பதால் மேலிருந்து தெரியாது. அதனால் கோடை முடிவில் பிடித்து, காலில் அலுமினிய வளையம் போட்டு விடுகிறார்கள். (அதைப் பிடிக்கச் சோளம்தான் தூவுகிறார்கள். வேட்டைக்காரன் தூவினால் அபராதம், விஞ்ஞானி தூவினால் ஆராய்ச்சி!) சுட்டவர் வளையத்தின் எண்ணைச் சொல்வார். எத்தனை வளையம் திரும்பி வருகிறது என்பதை வைத்து எத்தனை பறவை பிழைக்கிறது என்று கணக்குப் போடுவார்கள். நாட்டின் கிழக்குப் பாதியில் நீண்ட காலம் ஒரு நாளைக்கு இரண்டு என்றிருந்த வரம்பு, இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு 2008-ல் மூன்றானது. இரண்டு மூன்றாவதற்கு அவ்வளவு வருடம் யோசித்தார்கள். இப்போது அமெரிக்காவில் வருடத்துக்குப் பத்து லட்சம் அளவில் மரவாத்து சுடப்படுகிறது, அப்படியும் எண்ணிக்கை தாங்குகிறது.

பத்து லட்சம் என்று எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நின்றது. அழியாமல் காப்பது சுடுவதற்காகத்தானா? இதை என் அறை நண்பனிடம் கேட்டேன். "நீ ஞாயித்துக்கிழமை பிரியாணிக்கு லைன்ல நிக்கும்போது இதைக் கேட்டுக்கோ" என்றான். பதில் சொல்ல முடியவில்லை. 1900-ல் சுடுவதையே வெறுத்தவர்கள் மட்டும் இருந்திருந்தால் இந்தச் சட்டமெல்லாம் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். அந்த முத்திரையை வாங்கியது துப்பாக்கி வைத்திருந்தவன்தான். அதே சமயம் 1918-ல் கதவை மூடியபோது அதிகம் கத்தியவனும் அவன்தான்.

அண்ணன் போய் வந்தார். குளிரில் காது விறைத்துப்போய், நான்கரை மணியிலிருந்து தண்ணீர் ஓரம் உட்கார்ந்திருக்கிறார். நேரம் ஆவதற்கு ஏழெட்டு நிமிடம் முன்னால் தலைக்கு மேலே சர்ரென்று ஒரு கூட்டம் மரங்களுக்கு இடையில் வளைந்து வளைந்து போனதாம். பெரியவர் கையில் துப்பாக்கியோடு கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அதற்குப் பிறகு இரண்டே இரண்டு வந்தன. ஒன்று விழுந்தது, ஒன்று போய்விட்டது. எட்டு மணிக்குத் திரும்பிவிட்டார்கள்.

ஜனவரி கடைசியில் அவரிடமிருந்து மறுபடி அழைப்பு. இந்த முறை ஏணியும் ஒரு மூட்டை மரச்சீவலும். அந்த ஊரில் பிப்ரவரியிலேயே முட்டையிட ஆரம்பித்துவிடுமாம், அதற்குள் பதினோரு பெட்டிகளையும் சுத்தம் செய்தாக வேண்டும். அண்ணன் பிடித்த ஏணியில் பெரியவர் ஏறியிருக்கிறார். நான்காவது பெட்டியில் குளவிக்கூடு இருந்ததாம், இன்னொன்றில் ஆந்தை உட்கார்ந்திருந்ததாம். ஆந்தையை மட்டும் தொந்தரவு செய்யாமல் மூடிவிட்டு வந்தார்களாம்.